தையல் டீச்சரின் காது

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி என்று இருந்தது ஒரு தண்டவாளத் துண்டு. அரக்கோணம் ரயில்வேக் கிடங்கில் கழித்துப் போட்டதை யாரோ கேட்டு வாங்கிவந்து வேப்ப மரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆயா ஒரு கம்பியால் அதை அடிப்பாள். 1944ஆம் வருஷம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிலிருந்து வடிந்து ஊர் பழையபடி ஆன வாரத்தில் ஒரு நாள், முதல் மணி அடித்ததும் தையல் டீச்சர் கையிலிருந்த ஊசியை நிறுத்தினார்.

"இது நம்ம மணி இல்லீங்களே" என்றார்.

தலைமை ஆசிரியை பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவரைப் பெரிய டீச்சர் என்போம். "அதே மணிதான்" என்றார்.

"ஆங், அதேதாங்க" என்றார் தையல் டீச்சர். ஊசி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அந்தத் தண்டவாளம் இரண்டாக உடைந்து விழுந்தது. உடைந்த முகத்தில் பாதிவரை பழைய துரு. விரிசல் பல நாளாகவே உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்கும் இடத்தில் அது ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் குத்தியிருந்தது. நான் தையல் டீச்சரைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"தெரிஞ்சிதானே அன்னிக்குச் சொன்னீங்க? அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?"

"பெரிய டீச்சர் அதேதான்னு சொல்றாங்களே. அதுக்கு மேல நான் எப்படிங்க பேசறது?"

"புள்ளைங்க நிக்கும்போது விழுந்திருந்தா?"

அவர் அந்தக் குழியைப் பார்த்தார். "ஆங்" என்றார் மெதுவாக.

'ஆமாம்' என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் அதுதான் வார்த்தை. எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் வாயில் அதற்கு எதிர்ச்சொல்லே இருக்கவில்லை. அந்தப் பள்ளியில் நான் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்த வருஷங்களில், யாருக்காவது 'இல்லை' என்று அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரர் பால் கெட்டி என்றால் ஆங். செவ்வாய்க்கிழமையை ஒருவர் புதன் என்றால் ஆங். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "டீச்சர், இன்னிக்கி மத்தியானம் லீவுதானே?" என்று ஒருத்தி கேட்க, இவர் ஆங் சொல்ல, நாலாம் வகுப்பு முழுவதும் சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டது. மலையடிவாரம் வரை ஓடித்தான் பாதிப் பேரைப் பிடித்துவந்தோம்.

என்னைவிட அவருக்கு நாலைந்து வயது அதிகம்; அப்போது முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ இருக்கும். கணவர் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் இருந்தார். 1941 கார்த்திகையில் வந்ததுதான் அவருடைய கடைசிக் கடிதம். யுத்தம் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களில் அவர் இல்லை. டீச்சர் குங்குமத்தை எடுக்கவில்லை. வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சை யாரும் அவரிடம் எடுக்கவும் இல்லை. எடுத்திருந்தால், கூடும் என்றவருக்கும் கூடாது என்றவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்.

ஆவணியில் சித்தூரிலிருந்து உத்தரவு வந்தது. அன்று திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் தலைவிதி தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அங்கிருந்துதான் எழுதப்பட்டு வரும். பள்ளி ஆண்டு முடிந்ததும் தையல் வேலை எடுக்கப்படும். அதற்குப் பதிலாக ஒரு பாட்டு ஆசிரியை. அவர் சர்க்கார் சங்கீதப் பரீட்சை தேறியிருக்க வேண்டும். பெரிய டீச்சர் தையல் டீச்சரைக் கூப்பிட்டார்.

"உங்களுக்குத்தான் கீர்த்தனையெல்லாம் நல்லா வருதே. பரீட்சைக்குப் பேர் கொடுக்கட்டுமா?"

"ஆங்."

அதே வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து அவருடைய பாவா வந்தார். கணவரின் அண்ணனைத் தெலுங்கு கலந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாவா என்பார்கள். ஆறு தறி வைத்திருந்தவர். பள்ளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பேசினார்.

"பங்குனியோட வேலை பூடுதாமே? அப்புறம் இங்க இன்னா செய்யப் போற? வூட்டுக்கு வந்துரு. தார் சுத்த ஆளில்லாம தறி சும்மா நிக்குது."

"ஆங் பாவா."

அவர் போன பிறகு, "ரெண்டு பேருக்குமா சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் கேட்டாங்களே" என்றார்.

தார் சுற்றுவது என்றால், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ராட்டினத்தால் நூல் ஏற்றுவது. கடிதம் நின்றுபோன புதிதில் அந்த வீட்டில் அவர் மூன்று மாதம் இருந்து அந்த வேலையைச் செய்திருக்கிறார். பாவா கெட்டவர் இல்லை. சோறு போட்டார், அதட்டிப் பேசியதில்லை. அந்த மூன்று மாதத்தைப் பற்றி டீச்சர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். "அந்த ராட்டினம் காலையிலிருந்து பொழுது போற வரைக்கும் ஒரே ஸ்வரத்துல கத்திகினே இருக்கும் டீச்சர். கொஞ்ச நாள் போனா எனக்கு வேற எதுவும் கேக்கல. இங்க வந்து ரெண்டு வாரம் கழிச்சித்தான் குருவி கத்தறது காதுல வுழுந்திச்சி." இதைச் சொல்லும்போது அவர் கை தானாகக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. தேறாவிட்டால் அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் அதுதான்.

கீர்த்தனைகள் அவருக்குப் பாடம். பயம் ஒரே ஒரு பரீட்சைக்குத்தான்: ஸ்வர ஸ்தானம். ஒரு சட்ஜத்திலிருந்து, அதாவது ச விலிருந்து, அடுத்த சட்ஜம் வரை பன்னிரண்டு இடங்கள். ரிஷபம் இரண்டு, காந்தாரம் சாதாரணம் அந்தரம் என்று இரண்டு, மத்திமம் சுத்தம் பிரதி என்று இரண்டு, இப்படியே. பரீட்சகர் ஏதாவது ஒன்றை மீட்டுவார். பார்க்காமல் கேட்டு, எது என்று சொல்ல வேண்டும். பேர் சொன்னால் பாட வேண்டும்.

சொல்லித்தர ஆர்மோனியக்காரர் ஒருவர் கிடைத்தார். மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் ஊரில் கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியில் வாசித்தவர். அதன் பிறகு அடிவாரத்து பஜனைக் கோஷ்டியில் ஒட்டிக்கொண்டார். முப்பது நிரம்பாதவர், தையல் டீச்சரை அக்கா என்றும் என்னை டீச்சரம்மா என்றும் கூப்பிடுவார். ஞாயிறு காலைகளில் மூன்றாம் வகுப்பு அறையில் பாடம். நாடகக்காரரோடு தனியாக உட்கார விடக் கூடாது என்று பெரிய டீச்சர் என்னைக் கூடவே இருக்கச் சொன்னார். எனக்குச் சங்கீதம் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கவும் தெரியாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, அவர் கேட்டது என்ன, இவர் சொன்னது என்ன, சரியா தப்பா என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

"ராகத்துக்குள்ள வெச்சா எல்லாருக்கும் வரும் அக்கா" என்பார் ஆர்மோனியக்காரர். "ராகம் கையப் புடிச்சி இட்டுகினு போயிடும். இது அப்படி இல்ல. பன்னெண்டு வூடு, ஒட்டி ஒட்டி. நடுவுல செவுரு மட்டுந்தான். கதவு மாத்தித் தட்டக்கூடாது."

அடுத்தடுத்த இரண்டு காந்தாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எந்த ராகமும் அப்படிப் போய்ப் பழக்காததால் தொண்டை வழுக்கும். வழுக்கிய இடத்தையே காது புது வீடாக நம்பிவிடும். நான் வாய்க்குள்ளேயே முயன்று பார்த்தபோது மூன்றாவது அடியில் சட்ஜம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தையல் டீச்சருக்கு அது போகவே இல்லை. ஆனாலும் என் நோட்டில் தப்புகள் விழுந்துகொண்டே இருந்தன.

"இது பிரதி மத்திமம்தானே அக்கா?"

"ஆங்."

"எழுதுங்க டீச்சரம்மா. தப்பு. சுத்த மத்திமம் அது."

ஐப்பசி முழுக்க மழை. தீபாவளி விடுமுறையில் வேலையில்லாமல் நோட்டைப் பிரித்து வகைப்படுத்தினேன். 'இது இன்னா?' என்று வெறுமனே கேட்டவற்றை ஒரு பக்கம் எழுதினேன். 'இது இன்னதுதானே?' என்று பேர் சொல்லிக் கேட்டவற்றை மறுபக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் தப்பு ஒன்றுகூட இல்லை. ஆறு வாரத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாத் தப்பும் இரண்டாம் பக்கத்தில். அங்கே ஆர்மோனியக்காரர் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் இவர் ஆங் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அதை ஆர்மோனியக்காரர் முன்னால் வைத்தேன். அவர் சிரித்தார்.

"மொத நாளே தெரியும் டீச்சரம்மா. இவங்களுக்குக் காது கத்துக்குடுக்க நான் யாரு? அந்தப் பரீட்சைல எப்படிக் கேப்பாங்க தெரியுமா? பேரைச் சொல்லி, 'தானே'ம்பாங்க. பாதி பொய்யா இருக்கும். எங்க கம்பெனில ஒருத்தரு அதுலதான் தோத்தாரு." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "அக்கா, 'இல்ல'ன்னு சொல்லு. சும்மா, காத்தப் பாத்துச் சொல்லு."

தையல் டீச்சர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"உன் பேரு கழுதைதானேன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"ஆங்ம்பேன்" என்றார், வெட்கத்தோடு.

மூவரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. கேட்கத் தெரியாதவருக்குக் கேட்கச் சொல்லித்தரலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதை விட்டுக்கொடுக்கிறவரை என்ன செய்வது?

இரண்டு வாரம் யோசித்துவிட்டு ஆர்மோனியக்காரர் ஒரு வழி கொண்டுவந்தார். "வாயால வரலன்னா போவுது. பாட்டால சொல்லு அக்கா. நான் எந்தப் பேரைச் சொல்றனோ அதை அதோட எடத்துல பாடிரு. ஒண்ணும் பேசாத." அவர் சுத்த மத்திமத்தை அழுத்திக்கொண்டு, "பிரதி மத்திமம்தானே?" என்பார். இவர் பதில் பேசாமல், உண்மையான பிரதி மத்திமத்தை எடுப்பார். ஆர்மோனியப் பெட்டியின் ஸ்வரமும் தொண்டையின் ஸ்வரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றை ஒன்று உரசும். எனக்கே பல் கூசும். 'இல்லை' என்ற சொல்லைவிட அது கடுமையாக இருந்தது. ஆனால் அவருக்கு அது மறுத்துப் பேசுவதாகவே படவில்லை. கேட்டதைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். மார்கழி முடிவதற்குள் என் நோட்டில் இரண்டாம் பக்கமும் சுத்தமாகிவிட்டது.

அப்போது ஆர்மோனியக்காரர் சுருதியில் கை வைத்தார். இவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது, ஆதார சட்ஜத்தைச் சத்தமில்லாமல் ஒரு கட்டை மேலே மாற்றுவார். அசையாமல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இவரோ, கூட்டத்தில் யாராவது வந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவாரே, அதேபோல நகர்ந்துவிடுவார்.

தைக் கிருத்திகையன்று காலையில் அவர் ஒரு சோதனை வைத்தார். பஜனைக் கோஷ்டியோடு மலையேற வேண்டும். முதல் படியில் கேட்ட சுருதியிலேயே உச்சிவரை பாட வேண்டும். சுருதிப் பெட்டியை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு அவர் எங்களோடு ஏறினார். கூட்டமான கூட்டம். காவடிகள் இடித்துக்கொண்டு ஏறின. ஏற ஏற மூச்சு வாங்க, அரோகராச் சத்தம் கூடக்கூட, கோஷ்டியின் குரல் மேலே மேலே போயிற்று. நான் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன். பாதி வழி மண்டபத்தைத் தாண்டி ஓரிடத்தில் அவர் புருவம் சுருங்கியது. கொஞ்ச தூரம் கண்ணை மூடியபடியே ஏறினார். பிறகு முகம் தெளிந்துவிட்டது. உச்சியில் பெட்டியைத் திறந்தார்கள். டீச்சர் சரியாக ஒரு கட்டை மேலே இருந்தார்.

"எங்க மாறின அக்கா?"

"மண்டபம் தாண்டி. எல்லாரும் அதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. நான் கொஞ்ச நேரம் தனியா நின்னுகினு இருந்தேன். அப்புறம் போயிட்டேன்."

"தெரிஞ்சேவா போன?"

"ஆங். அவ்ளோ பேர் ஒரு பக்கம் இருக்கும்போது நான் மட்டும் எப்படி?"

ஆர்மோனியக்காரர் கோபித்து நான் பார்த்தது அன்றுதான். "ராட்டினத்துக்கே போ அக்கா. அங்க ஒரே ஸ்வரந்தான். உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார். டீச்சர் படியோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சந்நிதிக்குள் நாங்கள் போகவே இல்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஆர்மோனியக்காரர் வரவில்லை. ஆனால் சுருதிப் பெட்டியை ஆயாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு தையல் டீச்சர் செய்ததை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த அரிசி மில்லுக்குப் போனார். அங்கே பெல்ட் ஓடும்போது ஒரு ரீங்காரம் வரும்; நம் சட்ஜத்துக்குக் கால் கட்டை தள்ளி, ஆளை இழுக்கிற மாதிரி. மில் சுவரை ஒட்டி நின்று, பெட்டியைத் திறந்து ஒரு தடவை கேட்பார், மூடிவிடுவார், அந்தச் சத்தத்துக்கு எதிரே சட்ஜத்தை முனகிக்கொண்டு நிற்பார். என் கைக்கடிகாரத்தில் கால் மணி ஆனதும் பெட்டியைத் திறப்போம்.

மூட்டை தூக்குகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கேட்டான்: "இன்னாம்மா, மிசினோட சண்டையா?"

"ஆங்" என்றார் இவர்.

முதல் வாரம் மில்தான் ஜெயித்தது. மாசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுருதியில் நின்றார். பங்குனி பிறந்த பிறகு பெட்டியைத் திறக்கும்போது ஒவ்வொரு தடவையும் அங்கேயே இருந்தார். ஆர்மோனியக்காரர் ஒரு மாலை வந்து, தள்ளி நின்று கேட்டுவிட்டு, அவருக்கு ஒரு சோடா வாங்கிவந்து கொடுத்தார்.

பள்ளி ஆண்டு முடிந்தது. பாவா சொல்லியனுப்பினார்: பரீட்சை எழுதுவதானால் எழுதட்டும், ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் தானே வந்து அழைத்துப் போவதாக. ஆங் என்று பதில் போயிற்று.

பரீட்சை சித்திரையில், சென்னையில். விடியற்காலை ரயிலேறி, அரக்கோணத்தில் மாறிப் போனோம். பரீட்சை நடந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே வராந்தாவில் துணைக்கு வந்தவர்களுக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது பிற்பகல் மணி இரண்டரை. ஓட்டுக் கூரை வெயிலை அப்படியே கீழே இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பரீட்சகர்கள். பெரியவர் வீணை வைத்திருந்தார், மற்றவர் தம்பூரா மீட்டிக்கொண்டிருந்தார். மெழுகில் பதித்த வீணை மெட்டுகளில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடாதபடி, பரீட்சைக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கீர்த்தனை உருப்படிகள் பாடியாயிற்று. பிறகு ஸ்வர ஸ்தானம்.

நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆர்மோனியக்காரர் சொன்னபடியேதான் கேட்டார்கள். பேரைச் சொல்லி, 'தானே'. நிஜத்துக்கு இவர் ஆங் சொன்னார். பொய் வந்தபோது ஒன்றும் பேசாமல் பாடினார். முதல் தடவை பெரியவர் "ஓகோ" என்றார். எட்டு முடிந்தது. எல்லாம் சரி என்றே எனக்குப் பட்டது.

ஒன்பதாவது ஸ்வரம். "அந்தர காந்தாரம்தானே?"

தையல் டீச்சரின் குரல் எழுந்தது. வீணையின் ஸ்வரம் இன்னும் ஓயவில்லை; இரண்டும் உரசின. ஆனால் இது பொய்க்கேள்வியின் உரசல் மாதிரி இல்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே, சுவரிலேயே யாரோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பெரியவர் மறுபடியும் மீட்டினார். இவர் மறுபடியும் அதே இடத்தில் பாடினார்.

"நீ பாடறது என்ன?"

"அந்தர காந்தாரங்க."

"அப்போ நான் வாசிக்கறது?"

எனக்கு முன்னால் பெஞ்சில் இருந்த அம்மாள் விசிறியை நிறுத்திவிட்டாள். அவள் மகளுக்கும் அந்த ஸ்வரம்தான் வந்தது. அவள் ஆமாம் என்று சொல்லித் தப்பித்து வெளியே வந்திருந்தாள்.

"அதுக்குப் பேர் இல்லீங்க" என்றது இவர் குரல், மெல்ல.

"காலையிலிருந்து இந்த வீணையில்தான் இத்தனை பேருக்குப் பரீட்சை பண்ணிண்டிருக்கேன். என் வீணை தப்புன்னு சொல்றயா?"

ஆறு மாதமாக மறுப்பாக அவர் வாயில் வரவழைக்க நாங்கள் பாடுபட்ட 'இல்லை' என்ற சொல் இப்போது அவரைக் காப்பாற்றிவிடும். 'இல்லீங்க, நான்தான் தப்பு' என்றால் பெரியவர் மனம் குளிர்ந்துவிடும். ஒரு ஸ்வரம்தானே, தள்ளிவிட்டு மேலே போவார். சொல்லிவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"ஆங்" என்றார் தையல் டீச்சர்.

தம்பூரா நின்றது. யாரோ எழுந்து நடக்கும் காலடி. பிறகு மற்றப் பரீட்சகரின் குரல்: "மெட்டு நகர்றது. மெழுகு இளகியிருக்கு, பாருங்கோ." பெரியவர் மிச்சம் மூன்று ஸ்வரங்களையும் கேட்கவில்லை. "போகலாம்" என்றார்.

வெளியே வந்தபோது அவர் ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அவரு முகத்தப் பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர். செவுருதானே இருந்திச்சி."

ஊருக்கு வந்து சொன்னதும் ஆர்மோனியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ அக்கா! அந்த ஒண்ணுக்கு மட்டும் சும்மா போயிருக்கலாமே! மூணு கேள்வியைக் கேக்கவே இல்லியா?" அதன் பிறகு ஞாயிறுகளில் நாங்கள் மூவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம்.

முடிவு வந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன்: பார்த்திப வருஷம், ஆனி மாதக் கடைசி வாரம், தேறியிருந்தார். ஆனால் பாவா வந்தது அதற்குப் பதினொரு நாள் முன்னால். அப்போது எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. முடிவு வரும்வரை பாட்டு வகுப்பை அவரே எடுக்கட்டும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். "வகுப்புக்கு வராம போனா அப்புறம் நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றும் சொல்லியிருந்தார்.

பாவா பதினொரு மணிக்கு வந்தார். டீச்சரின் டிரங்குப் பெட்டியை அவர் தங்கியிருந்த அறையிலிருந்து எடுத்துவந்து பஸ் கூரையில் ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்குள்ளேயே நுழைந்தார். பஸ் நிற்குமிடம் பள்ளிக்கு எதிரேதான். அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னாலிருக்கும் கரி அடுப்பை மூட்டி, கிளீனர் கைவிசிறியைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்ற வேண்டும். ஆர்.கே.பேட்டைக்கு நாளுக்கு ஒரே நடை. அன்று மாலை அங்கே நூல் ரேஷன். தறிக்காரர் நேரில் நிற்காவிட்டால் அந்த மாதப் பங்கு போய்விடும்.

அவர் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நான் அடுத்த அறையில் பூகோளப் படத்தை மாட்டிவிட்டு நடுக்கதவோரம் வந்துவிட்டேன்.

"கெளம்பும்மா. பொட்டி ஏத்தியாச்சி. பஸ் மூட்டிகினு இருக்கான்."

"ஆங் பாவா" என்றார் டீச்சர். "இந்தப் பாடம் ஆயிரட்டும்."

நியாயம்தான் என்பதுபோல அவர் தலையசைத்தார். டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, முதல் வரிசை ஓரத்துப் பெண்ணை எழுப்பினார். ச விலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறச் சொன்னார். அவள் தடுக்கினாள்; திரும்ப ஏறச் சொன்னார். பிறகு அடுத்தவள். வகுப்பில் முப்பத்தொரு பெண்கள்.

ஐந்தாவது பெண் பாடும்போது பஸ்ஸின் விசிறிச் சத்தம் நின்று, இன்ஜின் இருமத் தொடங்கியது.

"நேரமாவுதும்மா."

"ஆங் பாவா, இதோ." அடுத்த பெண் எழுந்தாள்.

கண்டக்டர் தெருவில் நின்று ஊர்ப் பேர்களைக் கூவினான். இன்ஜினின் உறுமல் அறைக்குள் நிறைந்தது. பெண் குழந்தை அந்தச் சத்தத்தோடு மேலே போகப் பார்த்தது. டீச்சர் விரலை உயர்த்தி, தன் குரலால் அவளைக் கீழே பிடித்து வைத்தார். அந்தக் குரல் நடுங்கவில்லை. இடது கை மேஜை விளிம்பை விடவே இல்லை. போய்விடுவார், இப்போது போய்விடுவார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவா அவரைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். எல்லாவற்றுக்கும் சரி என்கிற ஒருத்தியை எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வரியா, இல்லியா? ஒண்ணு சொல்லு."

"ஆங் பாவா" என்றார் அவர், திரும்பாமல். "நீ பாடு கண்ணு."

கண்டக்டர் விசிலடித்தான். பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நகரும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கூரையிலேறி, டிரங்குப் பெட்டியை இறக்கித் தெருவில் வைத்துவிட்டுத் தொற்றிக்கொண்டார். புகை அடங்கும்வரை பெட்டி தெரியவில்லை.

டீச்சர் முப்பத்தோராவது பெண் வரை பாடவைத்தார். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போன பிறகும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். நான் உள்ளே போனேன்.

"டீச்சர்" என்றார், கண் கலங்கி. "பாவாவுக்குச் சோறு போடாம அனுப்பிட்டேன்."